அம்மப்பாவின் சிலுவைப் பதக்கம்: கழுத்தில் அணிந்தால் எந்தத் தரம்?

குருநகர்ப் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மப்பா பாப்பரசரிடமிருந்து ஒரு விருது பெற்றவர். ஊரில் அவரைச் செவாலியர் என்றுதான் கூப்பிட்டார்கள், அதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் விவரம் தெரியாது. இப்போது எங்கள் பங்கில் ஒரு மலர் வெளியிடுகிறார்கள், அவருடைய படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் சின்னப் பெட்டி ஒன்றும் தான். படத்தில் பூவேலை செய்த கோட்டு, இடுப்பில் வாள், கழுத்தில் நாடாவோடு ஒரு சிலுவை. பெட்டிக்குள் அதே சிலுவை இருக்கிறது: எட்டு முனை, சிவப்பு, நடுவில் நீல வட்டத்துக்குள் ஒரு புனிதர். நாடாவும் சிவப்பு, ஓரம் மஞ்சள். இதுதான் மிக உயர்ந்த தரம், பெயருக்கு முன்னால் சேர் என்று போடலாம் என்கிறார் மாமா. சின்னம்மாவோ அது கோயிலில் எல்லோருக்கும் கொடுக்கிற பதக்கம் என்கிறார். கூட்டியும் எழுத விருப்பமில்லை, குறைத்தும் எழுத விருப்பமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பாசையூர் அண்ணை:
தங்கச்சி, நீங்கள் சொல்லும் சிலுவையும் நாடாவும் பெரிய புனித கிரகோரியார் விருதுக்கு உரியவை. 16ஆம் கிரகோரி பாப்பரசர் பதவிக்கு வந்த முதல் வருடத்திலேயே, 1831 செப்டெம்பரில், அதை ஏற்படுத்தினார். சிலுவையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், "கடவுளுக்காகவும் ஆள்பவருக்காகவும்" என்ற பொருளில் லத்தீன் எழுத்து இருக்க வேண்டும். அப்போது பாப்பரசர் இத்தாலியின் நடுப்பகுதியை அரசராகவும் ஆண்டுகொண்டிருந்தார், அங்கே கிளர்ச்சி நடந்த வருடம் அது, அதனால்தான் அந்த வாசகம்.

தரத்தைப் பதக்கத்தின் அளவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், எங்கே அணிந்திருக்கிறார் என்று பாருங்கள். சாதாரண நைற், அதாவது முதல் படித் தரம், என்றால் இடது மார்பில் சின்ன நாடாவில் குத்துவார். கொமாண்டர் கழுத்தில் அணிவார். அதற்கு மேல் உள்ளவர் நட்சத்திரத்துடன் கூடிய கொமாண்டர், கழுத்துச் சிலுவையோடு இடது மார்பில் பெரிய வெள்ளி நட்சத்திரமும் இருக்கும். எல்லோருக்கும் மேலே பெருஞ்சிலுவைத் தரம்: வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு அகலமான பட்டி போகும், நட்சத்திரமும் இருக்கும். ஆகவே உங்கள் படத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, சிலுவைக்கும் நாடாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பச்சை இலை வளையம் என்றால் குடிசார் பிரிவு, ஆயுதங்களும் கவசமும் சேர்ந்த உருவம் என்றால் படைப் பிரிவு.

நீர்கொழும்பு வாசகர்:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பலர் குழம்புவது இங்கேதான். கிரகோரியார் விருதின் சீருடை கடும் பச்சை, வெள்ளிப் பூவேலை. பாப்பரசர் கொடுக்கும் இன்னொரு விருதான புனித சில்வெஸ்தர் விருதின் சீருடை கறுப்பு, தங்கப் பூவேலை. பழைய படத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பாகத்தான் தெரியும், வாளும் இரண்டுக்கும் உண்டு. சிலுவையைப் பார்த்தால் சரி: கிரகோரியார் சிலுவை சிவப்பு, படத்தில் இருண்டு தெரியும், சில்வெஸ்தர் சிலுவை வெள்ளை, கைகளுக்கு நடுவே கதிர்களும் இருக்கும். வரிசையில் கிரகோரியார் விருது சில்வெஸ்தருக்கு மேலே. அதற்கும் மேலே 1847இல் தொடங்கிய பியூஸ் விருது இருக்கிறது, அது பெரும்பாலும் தூதர்களுக்குப் போவது. ஆகவே மாமா சொல்வது போல உச்சம் இல்லை, சின்னம்மா சொல்வது போல எல்லோருக்கும் கொடுப்பதும் இல்லை. பொதுநிலையினருக்கு உண்மையில் கிடைக்கக்கூடியவற்றில் இது மிகப் பெரிய மரியாதை, ஆயர் பரிந்துரைத்து, உரோமையில் செயலகம் ஒப்புக்கொண்டு வருவது.

சேர் போடவே வேண்டாம். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அது பிரித்தானிய முடியிடமிருந்து வந்தது, பாப்பரசரின் விருதோடு அந்தப் பட்டம் வராது. அதேபோல் நடிகர் சிவாஜி கணேசனின் செவாலியர் பிரெஞ்சு அரசு தந்தது, அதற்கும் கோயிலுக்கும் தொடர்பில்லை. மலரில் விருதின் முழுப் பெயரையும் போட்டால் வாசிப்பவர் இரண்டையும் ஒன்றாக்க மாட்டார்.

குருநகர்ப் பேத்தி:
மிக்க நன்றி அண்ணை, நன்றி ஐயா. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இலை வளையம் தெளிவாக இருக்கிறது. மார்பில் நட்சத்திரம் இல்லை, பட்டியும் இல்லை. பின்பக்கம் லத்தீன் இருக்கிறது. இன்னொன்று, விழா அன்று அம்மா அதை அணியலாமா? அவருக்கு மிகவும் ஆசை.

பாசையூர் அண்ணை:
அப்படியென்றால் குடிசார் பிரிவில் கொமாண்டர், சந்தேகம் வேண்டாம். அம்மா அணிவது சரியில்லை தங்கச்சி, இந்த விருது பெற்றவரோடு நிற்பது, பிள்ளைகளுக்கு இறங்காது. பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்பதல்ல காரணம், 1993 முதல் பெண்களுக்கும் கிரகோரியார், சில்வெஸ்தர் இரண்டும் கொடுக்கிறார்கள். பெட்டியைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வையுங்கள், எல்லோரும் பார்க்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம், பிரசோ போன்ற உலோகப் பொலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சிவப்பு எனாமல் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான்.

நீர்கொழும்பு வாசகர்:
வருடம்தான் இன்னும் இல்லை. விருதோடு உரோமையிலிருந்து லத்தீனில் ஒரு பத்திரம் வந்திருக்கும், தரமும் திகதியும் அதிலேயே இருக்கும், பழைய காணி உறுதிகளுக்கு நடுவே தேடுங்கள். கிடைக்காவிட்டால் வத்திக்கானின் அதிகாரபூர்வ ஏடு 1909 முதல் வெளிவருகிறது, பழைய தொகுதிகள் வத்திக்கான் இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. விருது பெற்றவர்களின் பட்டியலை அதில் மறைமாவட்டத்தோடு போடுவார்கள், பெயர் லத்தீன் அல்லது இத்தாலிய எழுத்தில் கொஞ்சம் மாறியிருக்கும், ஆகவே யாழ்ப்பாணம் என்ற இடத்தை வைத்துத் தேடுங்கள். ஆயர் இல்லத்திலும் ஒருமுறை கேளுங்கள்.