கறிதோசை படத்தில் கறுப்புக் கோடு, மஞ்சள் நிறம் – அவசர உதவி தேவை

செல்லூர்மெஸ்
வணக்கம். அம்மாவின் மெஸ்ஸுக்கு மெனு கார்டு அடிக்கப் படம் எடுக்கிறேன், இதுதான் முதல் முறை. கறிதோசை, அயிரை மீன் குழம்பு, இட்லி எல்லாம் மஞ்சளாக வருகின்றன. சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு. இட்லி சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா? நாளை மாலைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கறிதோசை படம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

தல்லாகுளம்வாசி
என்ன போன்? எந்த லைட்? பகலா, ராத்திரியா? இதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒத்தக்கடைக்காரன்
முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். அடுப்படியில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினை அதில்தான்.

தல்லாகுளம்வாசி
பிசுக்கு இருந்தால் படம் மங்கும். கோடு எப்படி விழும்?

ஒளிநிழல்
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குப் படக்கலை வராது. உணவுப் படத்துக்கு வடக்கு ஜன்னல், நேர் வெயில் விழாத ஒளி, 50 எம்எம் லென்ஸ். இந்த மூன்றும் இல்லாமல் எடுப்பது நினைவுக்கு எடுக்கும் படம்தான், மெனு கார்டுக்கு உதவாது.

பரங்குன்றத்தான்
ஐயா, வடக்கு ஜன்னல் பாடம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த கையோடு சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், ஆவணியில்தான் திரும்பும். இந்த ஆனி மாதத்தில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக நேரே விழும். இங்கே திசையைவிட, அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வில்லாபுரம்வயர்மேன்
கோடு போன் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைந்த எல்இடி நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரியும், கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. லைட் குறைந்த கணத்தில் படித்த வரிகள் இருட்டாக விழுகின்றன. போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது ஒளி வாங்கும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும், கோடு போய்விடும்.

மாசிவீதி
லைட் எல்லாம் சரி. இணைத்த படத்தில் இலை நுனி வலது பக்கம் இருக்கிறதே! சாப்பிடுகிறவருக்கு நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும். இப்படி மெனு கார்டில் போட்டால் மதுரையில் யார் உட்காருவார்கள்?

ஒத்தக்கடைக்காரன்
டிபனுக்கு நுனி இலை யார் போடுகிறார்கள்? மெஸ்ஸில் நுனியில்லாத ஏடுதான். ஏட்டுக்கு ஏது இடது வலது?

மாசிவீதி
படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நுனி பளிச்சென்று தெரிகிறது. விருந்துக்கு மட்டும்தான் முறை என்று எங்கே எழுதியிருக்கிறது?

அண்ணாநகர்அக்கா
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி பரிமாறுகிறவர் பக்கம் நின்று எடுத்திருக்கிறார், அதனால் நுனி வலது பக்கம் தெரிகிறது. கிண்ணங்கள் தோசைக்கு இந்தப் பக்கம், போனுக்குக் கிட்ட இருப்பதைப் பார்த்தாலே புரியும். தம்பி, எப்போதும் சாப்பிட உட்காருகிறவர் பக்கமிருந்து எடுங்கள். இன்னொன்று: கறிதோசையை நேர் மேலிருந்து எடுத்தால் கறி மட்டும்தான் தெரியும். ஒரு துண்டு வெட்டி, அந்த வெட்டு முகத்தைத் தாழ்ந்த கோணத்தில் காட்டுங்கள். கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கறி என்று மூன்று அடுக்கும் தெரிந்தால்தான் அது கறிதோசை. ரொம்பக் கிட்டப் போகாமல் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

செல்லூர்மெஸ்
ஆண்ட்ராய்டு போன். மேலே எல்இடி, கல்லாப் பக்கம் மஞ்சள் பல்பு, இரண்டும் எரிந்தன. ஜன்னல் கிடையாது. வாசல் கிழக்குப் பார்த்தது.

அண்ணாநகர்அக்கா
இதுதான் வேண்டியிருந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: மஞ்சள் பல்பு 2700 கெல்வின், வெள்ளை எல்இடி 6500 பக்கம். இரண்டும் சேர்ந்தால், நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் போன் எதை வெள்ளையாக எடுப்பது என்று தடுமாறும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். மதியம் வெயில் மேற்கே சாய்ந்ததும் கிழக்கு வாசலில் நிழலும் மென்மையான ஒளியும் கிடைக்கும். வாசலை ஒட்டி மேஜையைப் போடுங்கள், ஒளி ஒரு பக்கமாக வரட்டும், அந்த ஒளி திரும்பி விழ எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். காலையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெயில் நேரே விழாமல் வாசலில் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள்.

இட்லி சாம்பலாவதற்குக் காரணம், படம் நிறைய வெள்ளை இருந்தால் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். போன் திரையில் இட்லி மேல் விரலை வைத்துவிட்டு வெளிச்சத்தை +0.7 அல்லது +1 கூட்டுங்கள்.

ஒளிநிழல்
தெர்மாகோல், வேட்டி என்று போனால் தொழில் எப்போது கற்பது? நல்ல லென்ஸ் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

பரங்குன்றத்தான்
நாளை மாலை அச்சகம் ஐயா. அம்மாவின் மெஸ் வருமானத்தில் லென்ஸ் வாங்கச் சொல்வது நியாயமில்லை. உங்கள் அனுபவத்துக்கு, வாசல் ஒளியில் குழம்பின் எண்ணெய்ப் பளபளப்பு எரிந்துபோகாமல் எடுப்பது எப்படி என்று சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

ஒளிநிழல்
ஒளி எதிர்ப்பக்கமிருந்து வந்தால் குழம்பு மினுங்கும், எரியவும் செய்யும். பளபளப்பு ஓரமாக ஒதுங்கும் வரை கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். போனில் வெளிச்சத்தையும் அரைப் புள்ளி (-0.5) குறைக்கலாம்.

செல்லூர்மெஸ்
3 மணிக்கு வாசலில் எடுத்தேன். கோடு இல்லை, இட்லி வெள்ளையாக இருக்கிறது. அம்மாவுக்குக் கறிதோசை பிடித்துவிட்டது. அயிரை மீன் மட்டும் இன்னும் கறுப்பாகவே வருகிறது. அச்சகத்துக்குக் கிளம்புகிறேன். நன்றி.

அண்ணாநகர்அக்கா
மண்சட்டியோடு எடுத்தீர்களா? கறுத்த சட்டியில் கறுத்த குழம்பு தெரியாது. வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, நாலு மீனை மேலே தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள்.

வில்லாபுரம்வயர்மேன்
வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், படம் சுருங்கி அச்சில் புள்ளி புள்ளியாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

மாசிவீதி
தம்பி, இலையைத் திருப்பினீர்களா?