"அந்தக் காலத்தில் அது தப்பில்லை" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

பாதிராத்திரி வாசகன் (கேள்வி):

அட்லாண்டிக் அடிமை வாணிபத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நண்பன் ஒருவனிடம் பேச்சுவாக்கில் "எவ்வளவு பெரிய அநியாயம் பாரு" என்றேன். அவன் அசரவில்லை. "அந்தக் காலத்தில் அது தப்பில்லை. இப்போது உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுத நீ யார்?" என்றான்.

எந்தக் காலத்துக்கும் பொதுவான நியாயம் ஒன்று உண்டு என்று நான் சொன்னதும் அடுத்த கொக்கியைப் போட்டான். "அப்போ பொய் சொல்வது எப்போதும் தப்புதானே? உன் வீட்டில் ஒருவன் ஒளிந்திருக்கிறான், அவனைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டுகிறான். உண்மையைச் சொல்வாயா?" சொல்ல மாட்டேன். "பார்த்தாயா, எல்லாம் சார்புதான்" என்று கதையை முடித்துவிட்டான்.

எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தத்துவம் முறையாகப் படித்தவன் இல்லை நான், கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:

உங்கள் நண்பர் சொல்வதில் தப்பில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அன்றே எழுதிவிட்டார். பாரசீக மன்னன் டேரியஸ், இறந்த தந்தையை எரிக்கும் கிரேக்கர்களை அழைத்து, "எவ்வளவு பணம் தந்தால் தந்தையின் உடலைத் தின்பீர்கள்?" என்று கேட்டானாம். எவ்வளவு தந்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலைத் தின்னும் கல்லாத்தியர்களை அழைத்து, எரிக்க எவ்வளவு வேண்டும் என்றான். அவர்கள் வாயைப் பொத்தச் சொல்லி அலறினார்கள். ஆளுக்கொரு வழக்கம், ஆளுக்கொரு நியாயம். அவ்வளவுதான்.

பழைய வாத்தியார்:

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் நண்பர் இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிட்டார். கல்லூரியில் அறவியல் பாடம் எடுத்த காலம் முழுக்க வகுப்பில் இதே குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சூழ்நிலை மாறினால் செய்ய வேண்டியதும் மாறுமா என்பது ஒரு கேள்வி. மாறும். ஒருவரோ ஒரு சமூகமோ சரி என்று நினைத்துவிட்டாலே அது சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. டாக்டர் மருந்தின் அளவை நோயாளியின் எடையையும் வயதையும் பார்த்து மாற்றுவார், நோயாளியின் அபிப்பிராயத்தைப் பார்த்து மாற்ற மாட்டார். உங்கள் நண்பர் முதலாவதற்கு உதாரணம் காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக எழுந்து போயிருக்கிறார்.

கதவைத் தட்டும் கொலைகாரன் பழைய ஆசாமி. 1797இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில் வருகிறான். அங்கேயும் பொய் கூடாது என்று காண்ட் பிடிவாதமாக நின்றார். அவருடைய பக்தர்களே அந்த இடத்தில் நெளிவார்கள். ஆனால் காண்ட்டை மறுக்க நாம் சார்புவாதியாக, அதாவது நியாயம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும் என்பவராக, மாற வேண்டிய அவசியமில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ராஸ் 1930இல் சொன்னது எனக்குப் பிடித்த வழி. உண்மை பேசுவது கடமை, உயிரைக் காப்பதும் கடமை. இரண்டும் மோதும்போது அந்த இடத்தில் எது கனமானது என்று பார்க்க வேண்டும். வள்ளுவரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைக்கச் சம்மதிக்கிறார், ஆனால் சும்மா இல்லை: குற்றமற்ற நன்மை தர வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்று அவர் விட்டுவிடவில்லை.

இனி "அந்தக் காலத்தில் தப்பில்லை". யாருக்குத் தப்பில்லை? கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவரும் அந்தக் காலத்து மனிதர்தானே. அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, ஆட்களை வாங்கி விற்பது அநியாயம் என்று ஒரு மனு எழுதினார்கள். உங்களை யாராவது இப்படிப் பிடித்துக்கொண்டு போனால் ஒப்புவீர்களா என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் அடிப்படை. அவர்கள் சார்ந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபை முடிவெடுக்காமல் அதை ஓரங்கட்டியது. ஊர் ஏற்பதுதான் நியாயம் என்றால் அந்த நால்வரும் அன்று தவறு செய்தவர்கள் ஆகிறார்கள், பிற்பாடு ஆள் சேர்ந்ததும் திடீரென்று சரியானவர்கள் ஆகிறார்கள். இதை என்னால் விழுங்க முடியவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அடிமை முறையை ஒழிக்க பிரிட்டன் 1833இல் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? உரிமையாளர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. "அன்றைய சமூகத்தின் கருத்து" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நஷ்டஈடு வாங்கியவர்களின் கருத்துதான்.

ஊர்சுற்றிக்கு: டேரியஸ் கதையை இன்னொரு தடவை படியுங்கள். தந்தையின் உடலை அவமதிக்க எந்த விலையும் போதாது என்பதில் இரண்டு கூட்டமும் ஒரே குரலில் பேசுகின்றன. எது அவமதிப்பு என்பதில்தான் சண்டை.

ஊர்சுற்றி:

வாத்தியார் ஐயா, அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் "எல்லாருக்கும் பொதுவான நியாயம்" என்று சொல்லிக்கொண்டுதானே காலனியாதிக்கம் நாடு நாடாகப் புகுந்தது? அதனால்தான் 1947இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானுடவியல் சங்கம் எச்சரித்து ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் பெரும்பங்கு மானுடவியலாளர் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதியது. ஒரு பண்பாட்டின் அளவுகோலை உலகம் முழுக்கத் திணிக்காதீர்கள் என்பதுதான் சாரம். அடுத்தவனை மதிக்கக் கற்றுக்கொடுப்பது சார்புவாதம்தான்.

பிள்ளைகள் பள்ளி டீச்சர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சின்னப் பிள்ளைகளோடு இருப்பவள். எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழி வந்தவர்களும் பிள்ளைகளிடம் கேட்ட மாதிரிக் கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன். "வகுப்பில் வரிசையில் நிற்க வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டால், நிற்காமல் இருக்கலாமா?" இருக்கலாம் என்றது ஒரு வாண்டு. "பக்கத்துப் பையனை அடிக்கலாம் என்று டீச்சரே சொல்லிவிட்டால்?" என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அவனுக்கு வலிக்குமே" என்றது. வழக்கம் வேறு, நியாயம் வேறு என்று அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

ஊர்சுற்றி:

டீச்சர், அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 1993இல் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வில், யாருக்கும் தீங்கில்லாத, ஆனால் அருவருப்பான செயல்களைக்கூடப் பலர் அறத்தவறு என்றே சொன்னார்கள். வசதி குறைந்தவர்களிடம் அது அதிகம்.

பழைய வாத்தியார்:

ஹைட் ஆய்வு நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். கோடு எங்கே விழுகிறது என்பதில் தகராறு உண்டு. ஆனால் பிள்ளையை அடிப்பது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மானுடவியல் சங்கத்தின் கோபம் நியாயமானது. ஆனால் "திணிக்காதே, மதி" என்பதே எல்லாருக்கும் பொதுவான கட்டளை ஆயிற்றே! ஆதிக்கம் செய்வதுதான் எங்கள் பண்பாடு என்று ஒருவன் வந்து நின்றால், சார்புவாதியிடம் அவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அதே சங்கம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

1948இல் நிறைவேறிய அந்த ஐ.நா. பிரகடனம் வெள்ளைக்காரர்கள் மட்டும் எழுதியதும் இல்லை. முதல் உறுப்பில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி இருந்ததை "எல்லா மனிதர்களும்" என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வாக்கெடுப்பில் 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை, 8 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. அந்த வருஷம்தான் அங்கே இனஒதுக்கல் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது.

(2020இல் தத்துவ ஆசிரியர்களிடம் எடுத்த ஃபில்பேப்பர்ஸ் என்ற தத்துவ இணையதளத்தின் கருத்துக்கணிப்பில் சுமார் 62 சதவீதம் பேர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள். இதை ஆதாரமாக நீட்ட மாட்டேன். தலை எண்ணி நியாயம் தீராது என்று மேலே நானே சொல்லிவிட்டேன்.)

பாதிராத்திரி வாசகன்:

இப்போது கொஞ்சம் தெளிவு. ஒன்று மட்டும். அடிமை முறைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்து, வேறொன்றும் கேள்விப்படாத ஒருவனையும் நான் கெட்டவன் என்று சொல்ல வேண்டுமா?

பழைய வாத்தியார்:

வேண்டியதில்லை. செயல் தவறா என்பது ஒன்று, ஆளை எவ்வளவு குற்றம் சொல்லலாம் என்பது வேறு. "தீர்ப்பு எழுத நீ யார்" என்று நண்பர் கேட்டதில் இந்தப் பாதிக்கு நியாயம் உண்டு. வேறு வழியைக் காணவே வாய்ப்பில்லாதவனிடம் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது.

ஆனால் அந்தச் சலுகையை எல்லாருக்கும் நீட்டிவிடாதீர்கள். ஜெபர்சன் 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் மனிதர்கள் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். அடிமை முறை கொடுமை என்றும் தன் கைப்பட எழுதியிருக்கிறார். அவர் வாழ்நாளில் அவருக்கு அடிமைகளாக இருந்தவர்கள் 600 பேருக்கு மேல். அவருக்காக "அந்தக் காலத்தில்" என்று யாராவது ஆரம்பித்தால், அவர் எழுதியதையே எடுத்துக் காட்டுங்கள்.