கும்பிட்ட திருப்தி உங்களுக்கு எங்கே கிடைத்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

கடலூர், பள்ளி ஆசிரியை:

கற்பூரம் காட்டி முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் "இன்றைக்குத்தான் நிஜமாகக் கும்பிட்டேன்" என்று மனசு நிறைந்த நாள் எல்லாருக்கும் ஒன்றாவது இருக்கும். அதைக் கேட்க ஆசை. முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். சத்திய ஞான சபையில் அன்றைக்கு ஆறு காலம் ஜோதி தரிசனம். ஏழு வண்ணத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்குவார்கள், கடைசியில் ஜோதி தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது முன்னால் இருந்தவர்களின் தலைகளும் தூக்கிய கைகளும்தான். "அருட்பெருஞ்ஜோதி" என்று கூட்டம் முழங்கியதை வைத்துத்தான் திரை விலகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரம் வந்து பார்க்கவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

அப்புறம் தருமச்சாலைக்குப் போனோம். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872-இல். முதலில் சோறு போடும் இடம், ஐந்து வருடம் கழித்துத்தான் கும்பிடும் இடம். இந்த வரிசையை நான் அதுவரை யோசித்ததே இல்லை. பரிமாற ஆள் போதவில்லை என்று என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். பந்தி மேல் பந்தி. யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தாத்தாவுக்குக் கை நடுங்கி, சோற்றைப் பிசைய முடியவில்லை. உட்கார்ந்து பிசைந்து கொடுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பசி. ஜோதி பார்க்காத குறை அதற்குள் எங்கேயோ போய்விட்டது. பசித்தவருக்குச் சோறு போடுவதும் கடவுள் வழிபாடுதான் என்று வள்ளலார் சொன்னதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். முதுகு வலிக்க வலிக்க அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

கோவை, லேத் பட்டறை:

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறையில் கழுவித் துடைக்கிற வேலைதான். இரும்புச் சுருளை வாரி, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். வெர்னியர், ஸ்பேனர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய்விடும். பொரிகடலை, பூசணிக்காய். எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான்.

ஆனால் எனக்குக் கும்பிடக் கற்றுக்கொடுத்தது எங்கள் மேஸ்திரி. வருடம் முழுக்க அவர் மிஷின் ஆயுத பூஜை அன்று இருப்பது போலவே இருக்கும். சாயங்காலம் எவ்வளவு நேரமானாலும் துடைத்து ஆயில் விடாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். காலையில் சுவிட்ச் போடும் முன், பீஸைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அளவு ஒரு நூல் தப்பினாலும் பீஸை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் போடுவார். "வாங்கிட்டுப் போறவன் இதை நம்பித்தான் மாட்டுவான்" என்பார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.

திருவாரூர் பக்கம், கிராமக் கோயில் அர்ச்சகர்:

இரண்டையும் படித்தேன். அம்மா எழுதியது கண்ணில் நீர் வரவைத்தது. கோவைத் தம்பியின் மேஸ்திரியை நானும் கும்பிடுகிறேன். ஆனால் கடைசி வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தொழிலே போதும், கோயில் எதற்கு என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

மூன்று சிவன் கோயில்களில் பூஜை செய்கிறேன். மூன்றும் ஒரு கால பூஜைக் கோயில்கள், அதாவது வருமானம் இல்லாத கோயிலில் தினமும் ஒரு வேளையாவது பூஜை நடக்க அரசு வைத்திருக்கும் திட்டத்தில் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் 17,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. கோயில் பெயரில் போட்ட வைப்பு நிதியின் வட்டியில்தான் விளக்கு எரிகிறது. காலையில் மொபெட்டில் போய்ப் பூட்டைத் திறந்ததும் முதல் வேலை வௌவால் எச்சத்தைப் பெருக்குவது. கிணற்றில் தண்ணீர் இறைத்து அபிஷேகம். மடப்பள்ளி இடிந்துவிட்டதால் நைவேத்தியத்தை வீட்டிலேயே வடித்துத் தூக்கில் கொண்டுபோகிறேன். பிரதோஷத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். மற்ற நாளில் ஒரு கையில் மணி, ஒரு கையில் தீபம், எதிரே யாரும் இருக்க மாட்டார்கள்.

"யாருமே வராத கோயிலுக்கு எதற்குப் பூஜை?" என்று என் பையனே கேட்டிருக்கிறான். வீட்டில் தனக்காகச் செய்வது ஆத்மார்த்த பூஜை, கோயிலில் ஊருக்காகவும் உலகத்துக்காகவும் செய்வது பரார்த்த பூஜை என்று ஆகமம் பிரித்து வைத்திருக்கிறது. வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீபம். அதனால் ஆள் வரவில்லை என்று நிறுத்த எனக்கு அதிகாரமே கிடையாது.

ஒரு கார்த்திகை மாத மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலை மறைந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து மூன்றாவது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பூட்டிய கதவுக்கு வெளியே, படியில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. எதிர்க் குடிசையில் இருக்கும், நடவுக்குப் போகிற அம்மா வைத்தது. "ஐயா வரமாட்டீங்கன்னு நெனைச்சேன். சாமி இருட்டுல இருக்கக் கூடாதுல்ல" என்றார். வேலைக்குப் போவதால் அவர் பிரதோஷத்துக்குக்கூட வந்ததில்லை. தூக்கில் இருந்த சாதம் தண்ணீரில் போய்விட்டது. அந்த அம்மா வீட்டிலிருந்து கொடுத்த வெல்லத்தைத்தான் அன்று நைவேத்தியமாக வைத்தேன். அத்தனை வருடத்தில் அன்று போல மந்திரம் எனக்கு நெஞ்சிலிருந்து வந்ததில்லை.

நாகூர்:

நாங்கள் மீன்பிடிக் குடும்பம், இந்துக்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தர்காவுக்குப் போய்விடுவார். எனக்கும் தம்பிக்கும் முதல் முடி இறக்கியது அங்கேதான். அங்கே இருக்கிற பெரிய மினரா 131 அடி உயரம், தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. கடலிலிருந்து திரும்பும்போது அது கண்ணில் பட்டதும் அப்பா படகிலேயே நின்று கும்பிடுவார். இது யாருடைய சாமி என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

அர்ச்சகர் ஐயா "வராதவர்களுக்கும் சேர்த்து" என்று எழுதியதும் அம்மாவின் நினைவு வந்துவிட்டது. அப்பா கடலுக்குப் போகாத நாளிலும் அம்மா சன்னதியில் நின்று "எல்லாப் படகும் கரை சேரணும், நாயகமே" என்றுதான் வேண்டிக்கொள்வார். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் படகும் அதில் உண்டு.

கோவை, லேத் பட்டறை:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. கோயில் வேண்டாம் என்பது என் எண்ணம் இல்லை. ஆனால் மேஸ்திரி செய்வதைக் கோயிலுக்கு ஒரு படி கீழே வைக்க இப்போதும் எனக்கு மனசு வரவில்லை.

கடலூர், பள்ளி ஆசிரியை:

ஐயா, உங்கள் கோயில்களுக்கு எண்ணெய் வாங்கி அனுப்பலாமா?

திருவாரூர் பக்கம், கிராமக் கோயில் அர்ச்சகர்:

இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம் அம்மா. உங்கள் பக்கத்திலேயே இப்படி ஒரு கோயில் இருக்கும். அர்ச்சகர் எத்தனை மணிக்கு வருவார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். நல்லெண்ணெய், திரி, கற்பூரம் போதும். பிள்ளைகளையும் கூட்டிப் போனால் பிரகாரத்தைப் பெருக்கிக் கொடுக்கலாம். விளக்குமாறு நீங்களே கொண்டுபோய்விடுங்கள், பல கோயில்களில் அதுகூட இருக்காது.