மறு: ‘நியாயமான தங்குமிடம்’ (reasonable accommodation) என்பதற்கு மாற்றுச் சொல்

> ‘நியாயமான தகவமைவு’ என்றே வைத்துவிடலாம். பாடநூலில் பழகிய சொல்தானே.

வணக்கம் ஐயா. பழகிய சொல் என்பதுதான் சிக்கல். ஒட்டகம் பாலைவனத்துக்குத் தகவமைந்தது என்று படித்திருக்கிறோம்; ஒட்டகத்துக்காகப் பாலைவனம் இம்மியும் அசையவில்லை. நாம் பெயர் தேடுவது இதற்கு நேரெதிரான ஒன்றுக்கு: மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை செய்வதற்கு ஏற்ப முதலாளி செய்து தரும் மாற்றத்துக்கு. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், வேலையிலோ பணிச்சூழலிலோ செய்யப்படும் மாற்றம் என்றுதான் இதை வரையறுக்கிறது. மாற வேண்டியது மேசை, மணி, வேலை நேரம். ஆள் அல்ல.

என் தம்பிக்குக் காது கேட்காது. டர்பனில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தான். தீ மணி அடித்தால் இவனுக்குத் தெரியாது, எங்களால் பொறுப்பேற்க முடியாது என்று மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். (சைகைமொழி 2023இல் இந்நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியாகிவிட்டது. ஆலை மணிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலும்.) அடுத்த ஆலையில், மணியோடு சேர்ந்து மின்னும் சிவப்பு விளக்கு ஒன்றை அவன் மேசைக்கு மேலே மாட்டினார்கள். பதினோரு ஆண்டுகளாக அங்கேதான் தைக்கிறான். அந்த விளக்குக்குத்தான் நாம் பெயர் வைக்கிறோம்.

நம் கையேட்டு வரைவில் ‘தங்குமிடம்’ என்றிருந்ததைப் படித்த அம்மா, “வேலையோடு வீடும் தருகிறார்களா?” என்று கேட்டார்.

என் முன்மொழிவு ‘தக்க ஏற்பமைப்பு’. ஆளுக்கு ஏற்ப வேலையை அமைப்பது. ‘அமைவு’ தானாக நேர்வது. ‘அமைப்பு’ என்றால் அமைப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். முதலாளியின் கடமை அந்தப் பிறவினையில்தான் இருக்கிறது. ‘இயன்ற’ என்னும் அடைமொழி வேண்டாம். இயலவில்லை என்று கைவிரிக்க வசதியாகிவிடும். தென்னாப்பிரிக்கா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுமீறிய சுமையாகக் கூடாது என்று வரம்பு கட்டியிருப்பது உண்மைதான். அதற்காக வரம்பைப் பெயரிலேயே ஒட்ட வேண்டுமா?

——

> ‘அமைப்பு’ என்றால் அமைப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தம்பி, ஒட்டகத்திடம் தோற்றேன். ஆனால் ‘அமைப்பு’ என்றதும் டர்பனின் சாட்ஸ்வொர்த்துப் பகுதிப் பெரியவர்களுக்குச் சங்கமும் கழகமும்தான் நினைவுக்கு வரும். சந்தா எவ்வளவு என்று கேட்பார்கள். ‘ஏற்பமைத்தல்’ என்றால் என்ன?

——

சரிதான் ஐயா, சந்தாவை நான் நினைக்கவில்லை. ‘ஏற்பமைத்தல்’ வினையாகவும் நன்றாக வருகிறது: ‘என் பணியிடத்தை ஏற்பமைத்துத் தருக’ என்று விண்ணப்பத்தில் எழுதலாம். ‘தக்க’ என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வரைவு அச்சுக்குப் போகிறது.