ட்ரெய்லரின் வாசற்படியை மாற்றுதல்: கீழே மடியும் படியா, கதவுநிலைக்குள் மடியும் படியா?

மேப்பிள் நிழல் (ஒன்ராறியோ)

வணக்கம். எங்களிடம் 2012ஆம் ஆண்டில் தயாரான, 24 அடி நீளமுள்ள முகாம் ட்ரெய்லர் ஒன்று இருக்கிறது. வாசலுக்குக் கீழே சட்டகத்துக்குள் தள்ளி மடிக்கும் இரண்டு தட்டுப் படிதான் தொடக்கத்திலிருந்தே அதில் உள்ளது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியபோதே சற்று ஆடியது. இப்போது மேல்தட்டில் கால் வைத்தவுடன் அதன் முன்விளிம்பு இரண்டு விரற்கடை தாழ்ந்துவிடுகிறது.

என் மனைவியின் தாயாருக்கு 74 வயது. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். சென்ற கோடையில் அல்கோன்குவின் பூங்காவுக்குச் சென்றிருந்தபோது, கீழ்ப்படிக்கும் தரைக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வைத்துச் சமாளித்தோம். மழை பெய்த இரவில் அது வழுக்கியது. நல்லவேளையாக மாமி கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார். இனி அந்த முக்காலி வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

இதே வகையில் மூன்று தட்டுள்ள மடக்குப் படியை வாங்குவதா, அல்லது லிப்பர்ட் நிறுவனத்தின் சாலிட்ஸ்டெப், மோர்ரைடு நிறுவனத்தின் ஸ்டெப்அபவ் போன்று கதவுநிலைக்குள் மடிந்து, கால்களைத் தரையில் ஊன்றி நிற்கும் படியை வாங்குவதா என்பதே என் கேள்வி. விற்பனை நிலையம் ஒன்றில் விசாரித்தேன்; எந்தப் படியும் எந்த ட்ரெய்லருக்கும் பொருந்தும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

பழைய இரும்பு (மிச்சிகன்)

நம்பாதது நல்லது, தம்பி. ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேறொருவரை மேல்தட்டில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் தரையில் படுத்து, கைவிளக்கோடு அடியில் கவனியுங்கள்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒன்று, படியின் கரங்களை இணைக்கும் தறையாணிகள் தேய்ந்து, அவற்றின் துளைகள் முட்டைவடிவமாகியிருக்கும். அப்படியானால் தறையாணிகளை அறுத்தெடுத்து, துளைகளைச் சீராகத் துளைத்து, வெண்கல வளையமும் பூட்டுநட்டும் சேர்த்து போல்ட் போட்டுக்கொள்ளலாம். ஒரு பிற்பகல் வேலை. மற்றொன்று, படி நன்றாகவே இருக்க, அதைத் தாங்கும் மெல்லிய இரும்புத் தகடு முறுக்கிக்கொள்வது. இந்த இரண்டாவது குறையோடு மூன்று தட்டுப் படியை மாட்டினீர்களானால், நெம்புகோல் நீளமாகி, தகடு முன்னைவிட அதிகமாக வளையும். கீழே மடியும் படி எதுவானாலும் அந்தரத்தில் தொங்குவதுதான். ஏறுபவரின் எடை முழுவதையும் அதைப் பிணைக்கும் போல்ட்டுகளும் தகடுமே தாங்குகின்றன. தகட்டுக்குக் குறுக்குச் சட்டம் ஒன்றைப் பற்றவைக்காமல் புதுப்படிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பகுதியில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள் என்பதால் துருவையும் பாருங்கள். படித்தட்டின் மேல் கம்பளத்துணி சுற்றியிருந்தால் கழற்றி எறியுங்கள். அது ஈரத்தையும் உப்பையும் இரும்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் துணி. மூட்டுகளுக்குக் கிரீஸும் வேண்டாம்; மணலைப் பிடித்து அரைத்துவிடும். உலர்ந்த சிலிக்கோன் தெளிப்பே போதும்.

ஏரிக்கரை (ஆல்பர்ட்டா)

நான்கு ஆண்டுகளாகக் கதவுநிலைக்குள் மடியும் படியைப் பயன்படுத்தி வருகிறேன். முழங்கால் வலி உள்ளவருக்கு அதில் ஏறும்போது கிடைக்கும் உறுதி வேறுதான். கால்கள் தரையில் ஊன்றியிருப்பதால் வீட்டுப் படிக்கட்டில் ஏறுவதைப் போலவே இருக்கும். ட்ரெய்லர் குலுங்குவதும் வாசற்பக்கம் ஓரளவு குறைந்தது. பயணத்தின்போது படி உள்ளே இருப்பதால் சாலைச் சேறும் உப்பும் அதன்மேல் படுவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சேற்றுக்கால்களோடு ஏறி இறங்கிய படியை மடித்து உள்ளே வைக்கும்போது, அந்தச் சேறு வீட்டுக்குள் விழும். ஒரு தூரிகையைக் கதவருகே தொங்கவிட்டிருக்கிறேன். வழியில் ஐந்து நிமிடம் நிறுத்திக் குளிர்பெட்டியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றாலும் படி முழுவதையும் வெளியே விரித்தாக வேண்டும். இருபுறமும் வண்டிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் இது எரிச்சல் தரும். மேலும், மடித்த படி கதவுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பதற்கு உள்ளே இடம் வேண்டும். சமையல்மேடையோ, பயணத்துக்காக உள்ளிழுத்து முகாமில் வெளியே தள்ளும் பக்கவாட்டு அறையோ வாசலை ஒட்டியிருந்தால் இந்த வகையை மறந்துவிடுங்கள்.

முறையும் முக்கியம். முதலில் ட்ரெய்லரைச் சமன்செய்து, பக்கவாட்டு அறையை வெளியே தள்ளி, அதன் பிறகே படியை இறக்கி, தட்டுகள் கிடைமட்டமாக நிற்கும்வரை இரு கால்களின் நீளத்தையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். புறப்படும்போது இதற்கு நேர்மாறு. படி ஊன்றியிருக்கும் நிலையில் ட்ரெய்லரைத் தாழ்த்தினால் கால்கள் வளையும். நான் ஒருமுறை வளைத்திருக்கிறேன்.

அளவுகளைத் தாருங்கள், பிறகு பேசலாம். ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, வாசல் விளிம்பிலிருந்து தரைவரை உள்ள உயரமும், கதவுநிலையின் உள்ளகலமும் தேவை. உள்ளகலத்தை மேலே அளக்காமல் கீழ்ப்பகுதியில், மிகக் குறுகலான இடத்தில் அளக்க வேண்டும். பூட்டுநாக்கு நுழையும் தகடு உள்நோக்கித் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

மேப்பிள் நிழல்

இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் அடியிலேயே படுத்திருந்தேன். பழைய இரும்பு ஐயா சொன்ன இரண்டு காரணங்களுமே இருக்கின்றன: தறையாணிகள் தேய்ந்துள்ளன; இடப்புறத் தகடும் முறுக்கியிருக்கிறது.

வாசல் விளிம்பிலிருந்து தரைவரை 31 அங்குலம். இப்போதுள்ள படியில் தரையிலிருந்து கீழ்த்தட்டு 14 அங்குலம், அங்கிருந்து மேல்தட்டு 8, அங்கிருந்து வாசல் 9. மாமியைத் தடுமாற வைத்தது அந்த 14 அங்குலம்தான் என்பது எண்ணாக எழுதிப் பார்த்த பிறகே விளங்கியது. கதவுநிலையின் உள்ளகலம் மேலே 26 அங்குலம், பூட்டுத்தகட்டருகே கால் அங்குலம் குறைவு. உள்ளே வாசலுக்கு எதிரே இரண்டரை அடிக்கு வெற்றுத்தரை இருக்கிறது.

ஏரிக்கரை (ஆல்பர்ட்டா)

அப்படியானால் கணக்கு எளிது. மூன்று தட்டுகள் என்றால் தரையிலிருந்து வாசல்வரை நான்கு ஏற்றங்கள். 31ஐ நான்கால் வகுத்தால் ஒவ்வொன்றும் ஏழே முக்கால் அங்குலம். அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதி வீட்டுப் படிக்கு அனுமதிக்கும் உச்ச உயரமும் அதே ஏழே முக்கால் அங்குலம்தான். தட்டுகளின் இடைவெளி தயாரிப்பிலேயே நிலையாக இருப்பதால் உங்கள் ஏற்றங்கள் இவ்வளவு துல்லியமாகச் சமமாக வராமல் போகலாம். ஆனாலும் அந்த 14 அங்குலத் தாண்டல் இருக்காது. நான்கு தட்டு உங்களுக்குத் தேவையில்லை. அது நீண்டு வெளியே வரும், எடையும் கூடும். வாங்குவதற்கு முன் அந்தந்த மாதிரிக்கான உயர வரம்பைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். உங்கள் 31 அங்குலம் வரம்பின் விளிம்பில் இல்லாமல் நடுவில் விழுவது நல்லது, ஏனெனில் முகாம் தரை எங்கும் மேசைபோல் இருப்பதில்லை.

கூடாரக்காரி (ஒன்ராறியோ)

ஒரு சிறு குறுக்கீடு. கதவுநிலைப் படியை வாசலின் தரைப்பலகையில்தான் திருகுகிறார்கள். 12 ஆண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லர்களில் மழைநீர் முதலில் இறங்கும் இடங்களில் வாசலும் ஒன்று. அலுமினிய விளிம்பைக் கழற்றி, திருப்புளியால் பலகையைக் குத்திப் பாருங்கள். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படியும் அங்கே நிற்காது.

இன்னொன்று, படியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மாமி விழாமல் தப்பியது கைப்பிடியால். மடங்கும் நீண்ட கைப்பிடி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். அதைச் சுவரின் வெளித்தகட்டில் மட்டும் திருகாமல், உள்ளே மரச்சட்டம் ஓடும் இடம் பார்த்துத் திருக வேண்டும். நாங்கள் ஒரே முகாமில் வாரக்கணக்கில் தங்குபவர்கள் என்பதால் அலுமினிய மேடைப்படி ஒன்றைத் தனியாக எடுத்துச் செல்கிறோம். அதன்மேல் நின்று நிதானமாகக் கதவைத் திறக்க முடிகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறுபவர்களுக்கு அதைத் தூக்கி ஏற்றுவதே ஒரு வேலையாகிவிடும்.

மேப்பிள் நிழல்

அம்மா, உங்கள் குறுக்கீடு என் பணத்தைக் காப்பாற்றியது. விளிம்பைக் கழற்றினேன், கீல் பக்கம் ஒரு கையகலத்துக்குப் பலகை கருத்து நைந்திருந்தது. கதவுக்கு மேலுள்ள இணைப்பில் பசை விட்டுப்போய், அங்கிருந்து நீர் இறங்கியிருக்கிறது. மேலே ஒழுக்கை அடைத்துவிட்டு, பலகையை நன்றாக இருக்கும் இடம்வரை வெட்டியெடுத்து, புது ஒட்டுப்பலகையும் அடியில் ஒரு குறுக்குக் கட்டையும் வைக்கப் போகிறேன். அது முடிந்த பிறகு மூன்று தட்டுக் கதவுநிலைப் படி, கூடவே நீண்ட கைப்பிடி. நாங்கள் பெரும்பாலும் வெள்ளி மாலை போய் ஞாயிறு திரும்புபவர்கள் என்பதால் மேடைப்படி எங்களுக்குச் சரிவராது. பழைய படியையும் முறுக்கிய தகட்டையும் சேர்த்தே வெட்டியெடுத்துவிடலாமா, அல்லது புதுப்படி அதற்கு மேலாக இறங்குமா?

பழைய இரும்பு (மிச்சிகன்)

படியைக் கழற்றிவிடுங்கள்; இருந்தால் புதுப்படி இறங்கும் வழியில் இடிக்கும். தகட்டை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சில ட்ரெய்லர்களில் அதே இரும்புதான் வாசலுக்கு அடியில் தரையையும் தாங்குகிறது. பலகையைத் திறந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் தெரியும். தாங்குகிறது என்றால் நிமிர்த்திப் பற்றவைத்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசிவிட்டு, பிறகு பலகையை மூடுங்கள்.