மறு: காஸ்பேஸ்-3 எதிர்ப்பொருளை எப்படி அழைப்பது?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். காஸ்பேஸ்-3 என்பது உயிரணு தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும்போது (அபோப்டோசிஸ்) வேலைசெய்யும் நொதி. அது வெட்டுப்பட்ட பிறகு மட்டும் அதைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு (antibody) நம் கலைச்சொல் தொகுப்புக்காகப் பெயர் தேடுகிறோம்.

> வெட்டப்பட்ட காஸ்பேஸ்-3 எதிர்ப்பொருள் என்று எழுதினால் போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. வெட்டுப்பட்டது காஸ்பேஸா, எதிர்ப்பொருளா என்று படிப்பவர் தடுமாறுவார். இந்தத் துறையில் எதிர்ப்பொருளையும் வெட்டி விற்கிறார்கள். பப்பாயின் நொதியால் வெட்டியெடுத்த ஃபேப் துண்டு தனிச் சரக்கு. முந்தைய மடலில் வந்த 'துண்டு எதிர்ப்பொருள்' என்பதும் இதனால்தான் உதவாது.

அந்தக் குப்பியில் இருப்பது என்ன செய்கிறது என்று பார்ப்போம். காஸ்பேஸ்-3 உயிரணுவுக்குள் ஏறத்தாழ 35 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ள முன்வடிவமாகச் சும்மா கிடக்கும். இறப்புக்கான சமிக்ஞை வந்ததும் புரதச் சங்கிலியில் 175ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்து வெட்டுப்பட்டு, 17, 12 கிலோடால்டன் என இரண்டு பகுதிகளாகப் பிரியும். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். நாம் பெயர் தேடும் எதிர்ப்பொருள், 17 கிலோடால்டன் பகுதியில் அந்த வெட்டு உண்டாக்கிய முனையைப் பற்றுகிறது. முழுப் புரதத்தில் அந்த முனையே கிடையாது. அதனால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 17க்குப் பக்கத்தில் பட்டை விழும், 35க்கு நேரே ஒன்றும் இராது.

ஆக, பெயரில் 'முனை' இருக்க வேண்டும். 'வெட்டுமுனை எதிர்ப்பொருள்' என்பது என் பரிந்துரை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பார்ப் புரதம் வெட்டுப்பட்டு 116 கிலோடால்டனிலிருந்து 89 ஆகும்போது அந்த 89ஐ மட்டும் பிடிப்பதற்கும் இதே பெயர் பொருந்தும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் காஸ்பேஸ்-3 உருவாவதில்லை, எனவே காஸ்பேஸ்-3 வெட்டுமுனை எதிர்ப்பொருளுக்கு அவை, பட்டை விழக்கூடாத நல்ல எதிர்மறைச் சான்று." எங்கும் இடறவில்லை.

'எதிர்ப்பொருள்' என்றால் காஸ்பேஸை முடக்கும் மருந்து என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குறை நியாயமானது. முடக்குவதற்குத் 'தடுப்பான்' என்பதை மட்டும் விடாமல் எழுதினால் அது தீரும். இலங்கை நண்பர்கள் வழக்கம்போல் 'வெட்டுமுனைப் பிறபொருளெதிரி' என்று எழுதட்டும், தகராறு இல்லை.

அப்புறம், அபோப்டோசிஸுக்கு 'உயிரணுத் தற்கொலை' வேண்டவே வேண்டாம். அது செய்தித்தாள் தலைப்பு. 1972இல் கெர், வில்லி, கரி என்ற நோயியலாளர்கள் மூவரும் அந்தப் பெயரை வைத்தபோது, அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்தது இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல். நமக்கு 'உயிரணு உதிர்வு' கையிலேயே இருக்கிறது. (உதிர்ந்த பூவைக் குறிக்கும் 'வீ' என்ற சங்கச் சொல்லைக் கொண்டுவர எனக்கும் ஆசைதான். ஆய்வகத்தில் யார் சொல்வார்கள்?)

தொகுப்பில் ஏற்றுமுன் ஒன்று பாக்கி. உயிரணு உதிர்வைத் தூண்டும் பேட் புரதத்தின் 136ஆம் இடத்துச் செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் பற்றும் எதிர்ப்பொருளும் இதே அலமாரியில் உண்டு. அங்கே வெட்டுமில்லை, முனையுமில்லை. 'பாஸ்பேட்டேறிய' என்று தொடங்கினால் மறுபடி அதே குழப்பம்: ஏறியது எதில்? யாராவது ஒரு சொல் சொல்லுங்கள்.