சுத்திகரித்த கழிவுநீரில் கருகும் மகிழங்கன்றுகள்: என்ன செய்யலாம்?

வணக்கம். சென்னை சிறுசேரியில் ஒரு ஐ.டி. வளாகத் தோட்டம் என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் புல்தரையை எடுத்துவிட்டு, போன அக்டோபரில் நாட்டு மரக்கன்றுகள் 240 நட்டோம். மழைக்காலம் முழுக்கத் தளதளவென்று இருந்தன. மார்ச்சிலிருந்து மகிழமும் நீர்மருதும் இலை நுனியில் கருகி, ஓரம் வழியாக உள்ளே காய்கின்றன. இதுவரை 35 கன்றுகள் போய்விட்டன. உப்பைத் தாங்கும் புங்கனும் பூவரசும் நன்றாகவே இருக்கின்றன. அதனால் உப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாய்ச்சுவது எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர், சொட்டுநீரில் தினம் 20 நிமிடம். அதில் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,900 மி.கி., பி.எச். (அமில-காரத் தன்மை) 8.2. கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய இடம். இரண்டடிக்குக் கீழே கடப்பாரை இறங்காது.

கன்றுக்கு இரண்டு கிலோ ஜிப்சம், தொழுவுரம், மூடாக்கு எல்லாம் போட்டாயிற்று. இரண்டு வாரம் லாரித் தண்ணீர் விட்டபோது துளிர் வந்தது, அப்புறம் அதுவும் கருகியது. குடிக்கிற தண்ணீரைத் தோட்டத்துக்குத் தொடர்ந்து விட எனக்கு மனமில்லை. நிர்வாகமோ மறுபடி புல்தரையே போடலாம் என்கிறது.

இதே நிலையைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்: வாரம் இருமுறை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குவதா, முதலில் அடிமண்ணை உடைத்து வடிகால் அமைப்பதா, எதில் தொடங்கலாம்?